பதினெட்டுக் குப்பங்களின் சாட்சியம்

‘கட்டுரை வெளிவந்துவிட்டது!’

ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கும் மகனோ மகளோ உள்ள வீடுகளில் இந்த ஒரு செய்திக்காகப் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். செய்தி வந்ததும் இனிப்பு வழங்கப்படுகிறது. உறவினர் வீடுகளுக்குத் தகவல் போகிறது. கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காத பெரியவர்கள்கூடத் தம் பிள்ளையின் பெயர் அச்சில் இருப்பதை விரலால் தடவிப் பார்த்து மகிழ்கிறார்கள்.

இந்த மகிழ்ச்சியை நாம் குறை கூறவில்லை. கல்விக்காக மகிழாத சமுதாயம் வேறு எதற்காக மகிழப் போகிறது? ஆயினும், வெளிவந்தது என்கிறோமே, அந்தச் சொல்லின் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டுரை எங்கிருந்து எங்கே வந்தது? யாருக்காக வந்தது? வந்ததோடு வேலை முடிந்துவிட்டதா, அல்லது அப்போதுதான் தொடங்குகிறதா?

மேலோட்டமாகப் பார்த்தால் இது பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் மட்டுமே உரிய கேள்வி போலத் தோன்றும். அப்படியன்று. ஒருவர் தாம் கண்டதையும் கணக்கிட்டதையும் ஊரறியச் சொல்லும்போது, கேட்பவர் அதை நம்பி வீடு கட்டுகிறார், மருந்து உண்கிறார், பிள்ளையை வளர்க்கிறார். ஆகவே சொன்னவர் மேல் ஒரு பொறுப்பு வந்து விழுகிறது. அந்தப் பொறுப்பு எத்தகையது என்பதே நம் முன்னுள்ள கேள்வி. விடை தேடி நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போனால் போதும்.

தில்லைக் காட்டின் கரையில்

சிதம்பரத்துக்குத் தில்லை என்பது பழம்பெயர். தில்லை என்பது ஒரு மரம். உவர்நீர்ச் சதுப்பில் வேரூன்றி வளரும் மரங்களுள் ஒன்று. நகரிலிருந்து கிழக்கே பிச்சாவரத்துக்குப் போனால், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் காட்டில் அந்தத் தில்லையையும், சுரபுன்னையையும், கண்டலையும் காணலாம். இத்தகைய காட்டுக்குத் தமிழில் அலையாத்திக் காடு என்று பெயர். அலையை ஆற்றுவது, அதாவது தணிப்பது என்பது பொருள்.

வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் அழைத்த துறைமுகம் அது. நம் வாசகர்கள் சிலருக்குப் பிறந்தகம், சிலருக்குப் புகுந்தகம். 1929-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இவ்வூரில்தான் உள்ளது. கழிமுகத்தையும் காட்டையும் வாசலிலேயே வைத்துக்கொண்டு ஆராயும் வாய்ப்புப் பெற்ற நிலையம் அது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்திராத் தீவுக்கு அருகே கடலடி நிலம் குலுங்கி எழுந்த ஆழிப்பேரலை நம் கரையையும் அடைந்தது. நாகை மாவட்டத்தில் மாண்டோர் 6,000 பேருக்கு மேல். கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல். கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் போன்ற மணல்திட்டுக் குப்பங்களைக் கடல் வழித்துக்கொண்டு போயிற்று. எல்லாம் இழந்து வந்த மீனவ மக்களுக்குப் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அடைக்கலமும் உணவும் அளித்தனர். ஆகவே நாம் பேசப்போகும் கணக்கு, எங்கோ கேட்ட கணக்கன்று. நம்மில் பலர் சோறு பரிமாறிய மக்களின் கணக்கு அது.

அந்தப் பேரழிவுக்குப் பின் ஒரு கேள்வி எழுந்தது. ஒரே அலை, ஒரே கரை. அப்படியிருக்க, ஒரு குப்பம் அழிந்து மற்றொரு குப்பம் பிழைத்தது ஏன்?

பரங்கிப்பேட்டை மையத்தைச் சேர்ந்த கே. கதிரேசனும், அவருடன் என். இராஜேந்திரனும் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டு மீனவக் குப்பங்களை ஆராய்ந்தார்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை உயிர் போயிற்று, எவ்வளவு உடைமை போயிற்று, குடியிருப்பு கடலிலிருந்து எவ்வளவு தொலைவு, தரை எவ்வளவு உயரம், கடலுக்கும் வீட்டுக்கும் இடையே எவ்வளவு மரஞ்செடி இருந்தது என்று குறித்தார்கள். மரங்களின் பரப்பும், தொலைவும், உயரமும் கூடக்கூட இழப்புக் குறைந்தது என்று முடிவு கண்டார்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மேடான இடத்தில், அடர்ந்த காட்டுக்குப் பின்னால் குடியிருப்புகள் அமைவதை ஊக்குவிக்க வேண்டும் என்று எழுதினார்கள். ‘எஸ்டுவரைன், கோஸ்டல் அண்ட் ஷெல்ஃப் சயின்ஸ்’ என்னும் பன்னாட்டு இதழில் 2005-ஆம் ஆண்டே, அதாவது பேரலை வந்து ஓராண்டு முடிவதற்குள், அக்கட்டுரை அச்சேறியது.

அதே 2005 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழிலும் ஒரு பக்க அளவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஃபின் டேனியல்சன் என்பவரும் பல நாட்டு அறிஞர்களும் சேர்ந்து எழுதியது. அதற்கும் களம் கடலூர் மாவட்டமே. பேரலைக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று அவர்களும் கூறினார்கள்.

அலையாத்தி என்ற பெயர் மெய்யாகிவிட்டது என்று பலரும் மகிழ்ந்தனர். செய்தித்தாள்கள் எழுதின. மேடைகள் பேசின. மரம் நடும் திட்டங்கள் விரைந்தன.

முன்பின் அறியாதவரின் கண்

இங்கே சற்று நின்று, ஓர் ஆய்வுக் கட்டுரை எவ்வாறு அச்சேறுகிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

எழுதியவர் கட்டுரையை இதழாசிரியருக்கு அனுப்புகிறார். அவர் அதை அதே துறையில் வல்ல இருவருக்கோ மூவருக்கோ அனுப்புகிறார். அவர்கள் யார் என்பது பெரும்பாலும் எழுதியவருக்குத் தெரியாது. அவர்கள் படித்து, ஐயங்களை எழுப்பி, திருத்தச் சொல்கிறார்கள். அல்லது வேண்டாம் என்கிறார்கள். எழுதியவர் பதில் எழுதி, திருத்தி, மறுபடி அனுப்புகிறார். இதற்குச் சில மாதமும் ஆகும், ஓராண்டும் ஆகும். எழுதியவருக்குச் சன்மானம் இல்லை; மதிப்பிட்டவருக்கும் பெரும்பாலும் இல்லை.

அறிவியல் இதழ் என்பது 1665-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய ‘ஃபிலசாஃபிகல் டிரான்சாக்ஷன்ஸ்’ இன்றும் வெளிவருகிறது. ஆனால் வெளியாரின் மதிப்பீட்டுக்கு உட்படாத கட்டுரையை ஏற்பதில்லை என்னும் கட்டுப்பாடு நாம் நினைக்கும் அளவுக்குப் பழையதன்று. புகழ்பெற்ற ‘நேச்சர்’ இதழே 1973-இல்தான் அதனைக் கட்டாயமாக்கியது.

இந்த ஏற்பாட்டின் வலிமையையும் எல்லையையும் நாம் ஒருங்கே உணர வேண்டும். எங்கோ ஒரு நாட்டில் அமர்ந்து மதிப்பிடுகிறவர், கணக்குப் போட்ட முறை சரியா, சொன்ன முடிவு தந்த சான்றுக்குள் அடங்குகிறதா என்று பார்க்க முடியும். ஆனால் அவர் கிள்ளைக்கு வந்து தரையின் உயரத்தை அளக்கப் போவதில்லை. குப்பத்துத் தலைவரிடம் மாண்டோர் பட்டியலைக் கேட்கப் போவதில்லை. ‘இவ்வளவு’ என்று எழுதினால், இவ்வளவுதான் என்று அவர் நம்பியே ஆக வேண்டும். ஆய்வு என்னும் மாளிகை முழுவதும் இறுதியில் நிற்பது இந்த அமானிதத்தின் மேல்தான். காவல் இல்லாத இடத்தில் கணக்கை மாற்றாதிருப்பதே ஆய்வாளரின் முதல் அறம். அந்த அறத்தை எந்த மதிப்பீட்டாளராலும் அவருக்குக் கொடுக்க முடியாது. அவர் அதைத் தம் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும்.

அதே கணக்கு, வேறு முடிவு

இனி நம் பதினெட்டுக் குப்பங்களுக்குத் திரும்புவோம்.

2006-ஆம் ஆண்டு, அதே இதழில் ஒரு மறுப்பு வந்தது. எழுதியவர்கள் அலெக்சாண்டர் கெர், ஆண்ட்ரூ பேர்டு, ஸ்டூவர்ட் கேம்ப்பெல் என்னும் மூவர். அவர்கள் புதிய கணக்கு எதையும் கொண்டுவரவில்லை. கதிரேசனும் இராஜேந்திரனும் அச்சிட்டிருந்த அதே எண்களை எடுத்துக்கொண்டு மறுபடி கணக்கிட்டார்கள். தொலைவையும் உயரத்தையும் கணக்கில் சேர்த்த பிறகு பார்த்தால், உயிரிழப்பைக் குறைத்ததில் மரங்களுக்குத் தனிப் பங்கு இருப்பதாக இந்த எண்கள் காட்டவில்லை என்றார்கள்.

இது எப்படி? ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு தெருவில் வசதி படைத்தோர் வீடுகளுக்கெல்லாம் உயர்ந்த திண்ணையும் உண்டு, கிணறும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். கொள்ளிடம் பெருகித் தெருவில் வெள்ளம் வருகிறது. கிணறுள்ள வீடுகளில் நீர் புகவில்லை; கிணறில்லாத வீடுகளில் புகுந்துவிட்டது. கணக்கெடுத்தவர், ‘கிணறு வெள்ளத்தைத் தடுக்கிறது’ என்று எழுதினால் நாம் ஏற்போமா? தடுத்தது திண்ணையின் உயரம் அன்றோ? கிணறு உடன் இருந்தது, அவ்வளவே. அதுபோல, முன்னால் நிறைய மரம் இருந்த குப்பங்கள் பொதுவாகக் கடலுக்குத் தொலைவிலும் மேட்டிலும் இருந்தன. காத்தது மரமா, மேடா, தொலைவா என்று பிரித்தறிய இந்தப் பதினெட்டு எண்கள் போதா என்பதே மறுப்பின் சாரம்.

முதற் கட்டுரையாசிரியர்கள் அதே ஆண்டு அதே இதழில் விடை எழுதினார்கள். பின்னர் நெதர்லாந்தைச் சேர்ந்த வெர்மாட்டும், தாய்லாந்தைச் சேர்ந்த தம்பன்யாவும் அதே எண்களை வேறொரு முறையில் ஆராய்ந்து, காடு சேதத்தைத் தணித்தது உண்மையே என்று கூறினார்கள். அவர்களும் 2007-இல் தங்கள் குறிப்புக்கு ஒரு திருத்தத்தை அதே இதழில் அச்சிட வேண்டி வந்தது.

இவ்வளவு சச்சரவையும் கேட்கும் வாசகர், ‘ஆகா, படித்தவர்களே இப்படி அடித்துக்கொண்டால் நாம் எதை நம்புவது?’ என்று சலித்துக்கொள்ளக்கூடும். நமக்கோ இதில் வேறொன்று தெரிகிறது.

மூன்று பேர் பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, கிள்ளைக் கரையை மிதியாமலே, இக்கட்டுரையை மறுக்க முடிந்தது எதனால்? எழுதியவர்கள் தங்கள் எண்களை மறைக்காமல் அச்சிட்டதனால். முடிவை மட்டும் சொல்லிவிட்டு எண்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டிருந்தால், அவர்களை மறுக்க ஒருவராலும் ஆகியிருக்காது. ஆனால் அப்போது அவர்கள் சொன்னது ஆய்வாகவும் இருந்திராது. வெறும் கருத்தாக இருந்திருக்கும். தம்மை வெல்வதற்கு வேண்டிய ஆயுதத்தைத் தம் கையாலேயே எதிராளியிடம் கொடுத்துவிட்டுத்தான் ஓர் உண்மையான ஆய்வாளர் அவைக்கு வருகிறார். வழக்காடுவோர் செய்யத் துணியாத செயல் இது. வணிகர் கனவிலும் செய்யமாட்டார்.

எனவே, ஒரு கட்டுரை மறுக்கப்படுவது அதற்கு நேர்ந்த இழிவன்று. மறுக்கத் தக்க விதத்தில் எழுதப்பட்டது என்பதே அதன் தகுதி.

மரத்துக்குப் பெயர் தந்தவர்

பிச்சாவரத்துக் காட்டில் மிகுதியாகக் காணப்படுவது வெண்கண்டல். அதன் அறிவியற் பெயர் அவிசென்னியா மரினா. அவிசென்னா என்று ஐரோப்பியர் அழைத்த இப்னு சீனாவின் நினைவாகச் சுவீடன் நாட்டு லின்னேயஸ் வைத்த பெயர் அது. புகாராவுக்கருகே பிறந்து 1037-இல் மறைந்த மருத்துவ மேதையின் பெயர், சிதம்பரத்துக்குக் கிழக்கே சேற்றில் நின்று அலையோடு பொருதும் மரத்துக்கு வாய்த்திருக்கிறது.

இப்னு சீனாவின் ‘கானூன்’ பல நூற்றாண்டுகள் கீழ்த்திசையிலும் மேல்திசையிலும் மருத்துவத்துக்கு இலக்கணமாக இருந்தது. அத்தகைய நூலுக்கு 13-ஆம் நூற்றாண்டில் ஓர் இளைஞர் உரை எழுதினார். அவர் திமிஷ்கில் பயின்று கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நஃபீஸ். இதயத்தின் வலப்பக்க அறையிலிருந்து இடப்பக்க அறைக்கு, நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே குருதி செல்கிறது என்பது காலன் காலம் முதல் வந்த கொள்கை. இப்னு சீனாவும் அந்த வழியையே பின்பற்றினார். இப்னு நஃபீஸ் அதை மறுத்தார். அச்சுவரில் அத்தகைய துளை இல்லை. குருதி நுரையீரலுக்குச் சென்று, அங்கிருந்துதான் இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார்.

அவர் ஆசானை இகழவில்லை. ஆசானின் நூலுக்கே உரை எழுதினார். அந்த உரையிலேயே ஆசானைத் திருத்தினார். மதிப்பும் மறுப்பும் ஒரே மையில் எழுதப்படக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இப்னு சீனாவின் புகழும் இதனால் குன்றிவிடவில்லை. மரங்கள் இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றன.

இக்கதைக்கு ஒரு துயரமான பின்பகுதியும் உண்டு. இப்னு நஃபீஸின் அந்த உரை நெடுங்காலம் பெரும்பாலோர் கண்ணில் படாமலே கிடந்தது. 1924-இல் முஹ்யித்தீன் அத்ததாவி என்னும் எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்தில் இருந்த கைப்பிரதியைப் படித்துச் சொன்ன பிறகே இக்காலத்தவர் அதன் அருமையை அறிந்தனர். உண்மையைக் கண்டுபிடிப்பது ஒன்று. அது உரியவரைச் சென்றடைவது வேறொன்று. முன்னது நிகழ்ந்தும் பின்னது நிகழாமல் போகக்கூடும். இந்தப் பாடத்தை நெஞ்சில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

மறுப்புக்கு அஞ்சும் அச்சு

நம் நாட்டில் கட்டுரை வெளியிடுவது சில காலம் விதியாகவே இருந்தது. ஆய்வேட்டைக் கொடுக்குமுன் மதிப்பீட்டுக்கு உட்பட்ட இதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதித்தது. 2022-இல் அந்தக் கட்டாயத்தை அதுவே நீக்கிக்கொண்டது. ஆயினும் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளை எண்ணும் பழக்கம் நின்றுவிடவில்லை.

எண்ணத் தொடங்கிய இடத்தில் சந்தை முளைக்கும். பணம் கட்டினால் சில நாட்களில் அச்சிட்டுத் தரும் இதழ்கள் புற்றீசல் போல் கிளம்பின. அவற்றில் மதிப்பீட்டாளர் என்று ஒருவர் இருப்பதாகச் சொல்வார்கள். ஆனால் அவர் எதையும் படிப்பதில்லை. 2018 மே மாதம் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அறிவிப்பில் நீக்கியது. நோய் எவ்வளவு ஆழமாகப் பரவியிருந்தது என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

இத்தகைய இதழில் கட்டுரை போடுவது தவறு என்று யாவரும் சொல்கிறோம். ஏன் தவறு? பணம் கொடுத்ததா குற்றம்? அன்று. வெளியீட்டுச் செலவுக்காக எழுதியவரிடம் கட்டணம் பெறும் நேர்மையான இதழ்களும் உண்டு. தரம் குறைந்ததா குற்றம்? அதுவும் முழு விடையன்று. எளிய ஆய்வும் நேர்மையான ஆய்வாக இருக்கலாம். குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. யாரும் தம்மை மறுக்க முடியாத ஓர் இருட்டறையில் நின்றுகொண்டு, ‘நான் அவையில் பேசினேன்’ என்று சொல்வதே அந்தக் குற்றம். அது பொய்ச் சாட்சியத்துக்கு உடன்பிறப்பு. குறுக்கு விசாரணைக்கு இடம் தராத சாட்சியத்தை நீதிமன்றங்கள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை.

மாணவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வயது ஏறுகிறது, உதவித்தொகை முடிகிறது, வீட்டில் தங்கையின் திருமணம் காத்திருக்கிறது. நேர்மையான இதழோ ஓராண்டு காக்க வைத்து, ஒரு வரியில் திருப்பி அனுப்புகிறது. இந்த நெருக்கடியை நாம் அறியாமல் இல்லை. ஆனால் நெருக்கடி, பழியின் ஒரு பகுதியை எண்ணிக்கை கேட்டவர் மேலும் ஏற்றுமேயன்றி, பொய்யை மெய்யாக்காது.

யாருக்கு வெளியே?

இனி மிகக் கடினமான பகுதிக்கு வருகிறோம்.

அலையாத்திக் காடு பற்றிய முதற் கட்டுரையைச் செய்தியாளரும் அதிகாரிகளும் மேடைப் பேச்சாளரும் எடுத்துக்கொண்டார்கள். மறுப்பை எடுத்துக்கொண்டவர் மிகச் சிலரே. முதற் கட்டுரை மூன்றைச் சொல்லியிருந்தது: தொலைவு, உயரம், மரம். தொலைவும் உயரமும் உயிரைக் காத்தன என்பதில் மறுத்தவருக்கும் மறுக்கப்பட்டவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் உலகம் பற்றிக்கொண்டது மூன்றாவதை மட்டுமே. காரணம் வெளிப்படை. மரம் நடுவது எளிது. படம் எடுக்க அழகானது. மீனவரை ஒரு கிலோமீட்டர் தள்ளிக் குடியமர்த்துவது எளிதன்று. 2005-இல் தமிழக அரசின் மறுவாழ்வு ஆணை 200 மீட்டர் என்ற எல்லையைப் பேசியபோதே எத்தனை அச்சம், எத்தனை வாதம்! படகும் வலையும் கரையில் இருக்க, வீடு மட்டும் உள்ளே போனால் பிழைப்பு என்னாவது? நாம் விட்டுப்போன மணலில் நாளை யார் வந்து விடுதி கட்டுவார்? மீனவர் கேட்ட இக்கேள்விகளில் நியாயம் இருந்தது.

‘காடு இருக்கிறது, கடல் ஒன்றும் செய்யாது’ என்ற நம்பிக்கை, எச்சரிக்கை ஏற்பாட்டைப் பற்றிய அக்கறையைக் குறைத்துவிடும் என்று மறுத்தவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை நாம் மதிக்க வேண்டும். ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. கடல் வருமுன் செய்தி வந்து சேர்வது, எந்த மரத்துக்கும் குறையாத அரண்.

அப்படியானால் காட்டை வெட்டிவிடலாம் என்று எவரேனும் பொருள் கொண்டால், அது மறுப்பையும் படிக்காத பேதைமை. மீனும் இறாலும் நண்டும் அக்காட்டின் வேர்களுக்கிடையில்தான் குஞ்சாக வளர்கின்றன. அன்றாட அலையைக் காடு தணிக்கிறது. கரை மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. இவற்றில் எவருக்கும் வழக்கில்லை. வழக்கு ஒன்றில்தான்: நூறாண்டுக்கு ஒருமுறை வரும் பேரலையின் முன் அது எவ்வளவு தாங்கும்? இதற்கு விடை அலையின் உயரத்தையும் காட்டின் அகலத்தையும் அடர்த்தியையும் பொறுத்தது என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் நிதானமான கருத்து.

இந்த நிதானமான கருத்து யாருக்குத் தெரிய வேண்டும்? அப்பதினெட்டுக் குப்பங்களில் வாழ்வோருக்கு. தங்கள் மகனை, மனைவியை, தாயை இழந்தவர்கள் அந்த இழப்பை எண்ணாக்கி ஆய்வாளர் கையில் தந்தார்கள். அந்த எண்கள் வெளிநாட்டு இதழில் ஆங்கிலத்தில் அச்சாயின. குவாமிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் படிக்கப்பட்டன, வாதிக்கப்பட்டன, திருத்தப்பட்டன. அத்தகைய இதழ்கள் பெரும்பாலும் சந்தா கட்டியோருக்கே கதவு திறப்பவை. கிள்ளைக் குப்பத்தில் இருப்பவர் தம் வீட்டைப் பற்றி என்ன முடிவாயிற்று என்று அறிய விரும்பினால், அவர் தாண்ட வேண்டிய வேலிகள் இரண்டு: ஒன்று பணம்; மற்றொன்று மொழி.

வெளியீடு என்று நாம் கொண்டாடுவது, சாட்சியம் தந்தவருக்கு மட்டும் வெளிப்படாத வெளியீடாக இருப்பது எவ்வளவு பெரிய முரண்!

இது குறிப்பிட்ட எந்த ஆய்வாளரின் குறையும் அன்று. இன்றைய ஏற்பாடு முழுவதன் குறை. எந்தக் குழுவும் ஓர் ஆய்வாளரிடம், ‘நீர் யாரிடம் கணக்கு வாங்கினீரோ அவர்களிடம் போய் முடிவைச் சொன்னீரா?’ என்று கேட்பதில்லை. எத்தனை கட்டுரை, எந்த இதழ், எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்றே கேட்கிறது. கேட்கப்படாத கடமை மெல்ல மறந்துபோகிறது.

மூன்று கடன்கள்

ஆகவே, ஆய்வை அச்சேற்றுகிறவர் மூன்று பேருக்குக் கடமைப்பட்டவர் என்பது நம் முடிவு.

முதற் கடன், சான்று தந்தவருக்கு. அவர் இறந்தவராயினும், பேசத் தெரியாத காடாயினும், அவரைப் பற்றிய எண்ணைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். முடிவை அவர் மொழியில் அவரிடம் திருப்பிச் சேர்க்க வேண்டும். நாலு பக்கத் துண்டுத்தாள் போதும். ஜமாஅத் மன்றத்திலோ ஊர்ப் பஞ்சாயத்திலோ ஒரு மாலைப் பொழுது போதும்.

இரண்டாம் கடன், மறுப்பவருக்கு. அவருக்கு வேண்டிய எண்களையும் வழிமுறையையும் ஒளிக்காமல் கொடுக்க வேண்டும். மறுப்பு வந்தால் பகையாகக் கொள்ளாமல் விடை கூற வேண்டும். விடை இல்லையேல் திருத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் கடன், நம்பி நடப்பவருக்கு. சான்று எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரமே சொல்லும் போக வேண்டும். ‘காடு காத்தது’ என்பதற்கும், ‘காடு இருந்த இடங்களில் சேதம் குறைவாக இருந்தது, வேறு காரணங்களும் உடனிருந்தன’ என்பதற்கும் இடையே உள்ள தூரம் சில சொற்கள்தாம். ஆனால் அந்தச் சில சொற்களின் மேல் ஒரு குப்பமே குடியிருக்கக்கூடும்.

படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கட்டுரை வெளிவந்ததா என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். இனி, ‘யார் படித்துப் பார்த்தார்கள்? என்ன ஐயம் எழுப்பினார்கள்? நீ என்ன பதில் சொன்னாய்?’ என்றும் கேட்போம். திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரையோடு வாடிய முகத்துடன் பிள்ளை வந்து நின்றால், தோல்வி என்று கருதாமல், அதில் எழுதியிருக்கும் ஐயங்களைப் படித்துக் காட்டச் சொல்வோம். ‘எங்களுக்கும் விளங்கும்படி தமிழில் சொல்’ என்று கேட்போம். பெற்ற தாய்க்கு விளங்கச் சொல்ல முயல்கிற பிள்ளைக்கு, தன் வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இனிப்பு வழங்குவதை நிறுத்த வேண்டியதில்லை. கட்டுரை அச்சேறிய அன்று ஒருமுறை வழங்குவோம். அதற்கு நேர்மையான ஒரு மறுப்பு வந்து, அதற்கு நம் பிள்ளை நேர்மையாக விடை எழுதிய அன்று இன்னொரு முறை வழங்குவோம்.